இரண்டு படங்கள்

நேற்றிரவு எட்டுக்குப் பிறகு
மாத்திரை போடக் கூடாது என்றார்கள்.
ராயபுரத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு ஆட்டோ.
பேசின் பாலம் ஏறும்போதே
வலது கட்டைவிரலும் சுட்டுவிரலும்
எண்ணத் தொடங்கிவிட்டன.

முப்பத்தோரு வருடம்
கூட்டுறவு வங்கியில் கேஷ் கவுண்டர்.
பார்க்கிறவர்கள் பழக்கதோஷம் என்பார்கள்.
நானும் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்கேன் அறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டது.
வலி இல்லை. போ என்கிறேன், போகவில்லை.
நூருல் பிளாஸ்திரி ஒரு துண்டு கிழித்துத்
தரையில் குறுக்கே ஒட்டினாள்.
"இதைத் தாண்டுங்க ஆன்ட்டி."
தாண்டினேன்.
நடக்க வராதவளுக்குத் தாண்ட வருகிறது.
அதற்கு வேறு தெரு போலிருக்கிறது உள்ளே.

மோதிரம் கழற்ற நேரமாயிற்று.
"எதுவும் யோசிக்காதீங்க பிலோமினா, சும்மா இருங்க."
சும்மா இருப்பதைத்தான் படம் எடுக்கிறார்களாம்.

பிறகு மாத்திரை.
இட்லி சாம்பார் அரை மணி கழித்து;
பருப்பு முந்திக்கொண்டால்
மருந்து வெளியே வரிசையில் நிற்கும்.

எப்போது இறங்கியதென்று சொல்ல முடியாது.
கரண்ட் வந்த மாதிரி இல்லை.
கவுனின் பித்தானைப் போட்டு முடித்த பிறகுதான்
போட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

மறுபடி குழாய். மறுபடி சும்மா.

டாக்டர் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார்.
முதல் படம் இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
"இல்லம்மா, அதுலதான் நெரிசல்.
இந்த இடங்கள்லாம் ஒண்ணையொண்ணு
இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.
மாத்திரை அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்துது."

சம்பள நாள் கவுண்டர் ஞாபகம் வந்தது.
நாற்பது பேரும் சேர்ந்து மேடம் மேடம் என்றால்
ஒருத்தருக்கும் பணம் போகாது.

பென்சில் இன்னோர் இடத்தில் நின்றது.
"இங்க மட்டும் மாத்திரைக்கு அப்புறம் கொஞ்சம் கூடுதல்.
ஏதாவது நிறைய வாங்கறீங்களா?"

தயாபரன் என் பக்கம் திரும்பவில்லை.
கட்டிலுக்கடியில் பிரிக்காத பதினான்கு குடைகள்.
ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் வாங்கியவை.
ஒரு நாளும் ஒரு ரூபாய் குறையாமல்
கணக்கை முடித்தவள் நான்.
வாங்கியது நானா, மாத்திரையா?
அதைக் கேட்கவில்லை.
"அளவைக் குறைக்கலாம்," என்றார்.
"நடை கொஞ்சம் குறையும்."

மணி பன்னிரண்டரை. மூன்று, மூன்றேகால் வரை தாங்கும்.
விரல்கள் மடியில் கிடந்தன,
எண்ணி முடித்தனவோ, பாதியில் விட்டனவோ.

"கெல்லீஸ் சிக்னல் வரை நடக்கலாம்," என்றேன்.
பாதி வழியில் தூறல் பிடித்தது.
எங்கள் இரண்டு பேரிடமும்
குடை இல்லை.