உள்தையல்

ஸ்காட் சாலையில், கடிகாரக் கடைக்கு மேல் என் கடை.
மோனோரயில் போகும்போது ஊசிப்பெட்டி லேசாக அதிரும்.
யுகேஷினி மரப்படி ஏறி வந்தால்
அதுகூட அதிர்வதில்லை.

தீபாவளிக்கு ஒரு அளவு.
தைப்பூசத்துக்கு ஒன்று.
சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது
நோட்டில் பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்து
டேப்பைத்தான் சந்தேகப்பட்டேன்.

வெளியே தார் உருகும் மதியம்.
என் ஏர்கோன் கெட்டு மூன்று வாரம்.
அவள் முழுக்கை சுவெட்டரில்.

'நான் ஒன்னும் சொல்லலக்கா, அவளே டயட்'
என்றாள் அவள் அம்மா, பெருமையாக.
நியாயம் பேச எனக்கு வாயில்லை.
பதினைந்து வயதில்
முதல் பாவாடை தாவணியைப் போட்டுப் பார்த்தவளிடம்
'இடுப்பு கொஞ்சம் குறைஞ்சா இந்த மாடல் நிக்கும்மா'
என்று சொன்னது நான்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.
அவளும் சிரித்தாள்.

மண்டபத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டு
'எப்படிம்மா, எங்களுக்கும் சொல்லிக்கொடு' என்றார்களாம்.
அவள் இலையை யாரும் பார்க்கவில்லை.
பார்த்தவர்கள் விரதம் என்று நினைத்திருப்பார்கள்.
நம்மிடம் நாளுக்கா பஞ்சம்,
செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி.
சாமி பெயரைச் சொல்லிவிட்டால்
பசியை யார் கேள்வி கேட்பது?

இன்று தனியாக வந்தாள்,
வழியில் வாங்கிய ஒண்டே-ஒண்டே பொட்டலத்தோடு.
'சாப்பிடுங்கக்கா.'
கடித்தேன்.
'உள்ள குலா மலாக்கா வெடிக்குதா?'
'வெடிக்குது.'
'சூடாவா?'
'இல்ல, ஆறிடுச்சு. தேங்காய்ல கொஞ்சம் உப்பு.'
கண்ணை மூடிக் கேட்டாள்,
சிக்னல் விட்டுவிட்டு வரும் போனில்
தூரத்துக் குரலைக் கேட்பவள்போல.

டேப்பைச் சுற்றினேன்.
கையெல்லாம் சிலிர்த்தது அவளுக்கு.
'டைட்டா வைங்கக்கா. இன்னும்.'
'மயக்கம் ஏதும் வருதாம்மா?'
கண்ணாடியைப் பார்த்தாள்.
பிறகு, முதல்முறையாக,
கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.
'அம்மாகிட்ட சொல்லாதீங்க.'

கேட்ட அளவில்தான் தைத்தேன்.
ஆனால் விலாப்பக்கம், லைனிங்குக்குள்,
இரண்டு விரல் துணி மடித்து விட்டிருக்கிறேன்.
பிரித்தால் தாராளமாக வரும்.

துணிக்கு அது போதும்.

போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
மறுமுனையில் மணி அடிக்கிறது.
அந்தத் தாவணியிலிருந்துதான்
ஆரம்பிக்க வேண்டும்.