செய்கூலி, சேதாரம்

நாச்சிமுத்து கேட்ட கூலி மூவாயிரத்து எண்ணூறு.
சாமானுக்குத் தனியாம்.
பதினாறு வருசமாய்க் கணபதியில்
பம்பைக் கழட்டிப் பூட்டுகிற எனக்கு
ஒரு மாருதி எம்மாத்திரம்
என்று நினைத்தேனே, அதுதான் முதல் காயம்.
வெளியில் தெரியவில்லை.

நைட் ஷிப்டு முடிந்த கண்ணோடு
பேன் பெல்ட்டுக்குக் குனிந்தேன்.
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்
நட்டைப் பிடித்த மாதிரிதான் இருந்தது.
மூன்று விரல்முட்டித் தோலும்
டைனமோ ஓரத்தில் தங்கிவிட்டது.
டார்ச் பிடித்திருந்த கனிஷ்கா
வெளிச்சத்தைக் காயத்தைவிட்டு நகர்த்தவே இல்லை.
"அப்பா, உள்ள வெள்ளையா இருக்குது"
என்றாள், ஆறாம் வகுப்பு அறிவியலின் ஆசையோடு.
நான் சொன்ன வார்த்தைக்கு
எதிர்வீட்டு ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது.

ரேடியேட்டர் மூடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
எல்லோரும் வாழ்க்கையில் ஒருமுறை
சூட்டோடு திறக்கிற மூடிதான் அது.

எங்கள் சந்து சங்கனூர்ப் பள்ளத்தைப் பார்த்து
இரண்டு விரல் சாய்ந்திருக்கும்.
தெரிந்தேதான் ஜாக்கி வைத்தேன்.
கோகிலவாணி ஸ்டெப்னியை உருட்டி வந்து
வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டாள்.
"அது எதுக்கு?"
"கெடக்கட்டுமுங்."
ஜாக்கி எந்தப் பக்கம் சாய்ந்ததென்று பார்க்கவில்லை.
இஞ்சின் ஆயில் நாற்றம் மூக்குக்கு வந்தது,
பிறகு நின்றது.
அறுநூற்றைம்பது கிலோ
ஸ்டெப்னிமேல் உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்க
என் நெஞ்சுக்கு மேலே நாலு விரல் வானம்.
அன்றிரவு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.
ரசத்தில் மட்டும் மிளகு கூடுதல்.

அதோடு விட்டிருக்கலாம்.
ஞாயிற்றுக்கிழமை போனில் நாச்சிமுத்துவே சொன்னான்:
"பேட்டரில கைய வெச்சா
மைனசத்தான் மொதல்லக் கழட்டோணுங்ணா."
பாலிடெக்னிக் படித்தவனுக்கு
எட்டாவது பெயிலானவன் சொல்லிக் கொடுப்பதா?
பிளஸ்ஸில் ஸ்பேனரைப் போட்டேன்.
விரலில் மாமனார் போட்ட மோதிரம்,
ஒரு பவுன், நடுவில் மயில்.
அது பாடியில் முட்டிய நேரத்தில்
நீலமாய் ஒரு சத்தம் கேட்டது.
தங்கம் நல்ல கடத்தி என்று
பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.
இப்போது விரலைச் சுற்றி எழுதியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டரோடு வந்து
"கண்ணாலத்துக்குப் போட்டதுங்களா?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் வெட்டினார்.

ராஜவீதிப் பட்டறையில்
வாய் பிளந்த மோதிரத்தைத் தராசில் வைத்தார்கள்.
கண்ணாடிப் பெட்டிக்குள்
மயிலுக்குத் தலை இல்லை.
"முன்னூறு மில்லி கொறையுதுங்களே,
எங்க போச்சு?"
நான் கோகிலவாணியைப் பார்த்தேன்.
அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.
உருக்கிப் புதுசாய்ச் செய்தால்
செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று
கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே போனார்.
நாச்சிமுத்துவின் தொகையை அது
எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியும்.
அதற்கப்புறமும் தட்டினார்.

திரும்பி வந்தது டவுன் பஸ்ஸில்.
சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால்
பானெட் திறந்திருக்கிறது.
உள்ளே குனிந்து
சின்னக் கரண்டியால் எதையோ சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.
பிளஸ் முனையில்
கடுகளவு மஞ்சளாய் ஒட்டியிருந்தது
மயிலின் தலை.
அவள் கையில் இரண்டு பொன் வளையல்.
"வளையலக் கழட்டு! வளையலக் கழட்டு!"
கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவள் திரும்பவில்லை.
கரண்டியும் நிற்கவில்லை.
"மைனச மொதல்லயே
கழட்டிட்டனுங்."