கம்பளத் துறை

ஹெல்சின்கியில் ஜூலை மாதம்
இரவு பெயருக்குத்தான் வருகிறது.
எட்டு மணி வெயிலில்
கடலோரப் பலகை மேடையில்
நாலு மீட்டர் கம்பளத்தை விரித்தேன்.

கந்தல் கம்பளம்.
பழந்துணியை நாடாவாகக் கிழித்து நெய்தது.
நீலக் கோடு ஸிர்க்காவின் கோடைக்கால கவுன்.
சாம்பல் கோடு என் ட்ராம் சீருடை,
முழங்கை இற்ற பிறகு.
மஞ்சள், மகளின் இரவு உடுப்பு.
அவள் இப்போது என்னைவிட உயரம்.

பிரிவினைப் பட்டியலில்
கம்பளம் அவளுக்கு, படகு எனக்கு.
வக்கீல் கையெழுத்திட்டிருக்கிறார்.
அழுக்காகக் கொடுத்தான் என்ற பேச்சு வேண்டாமே என்று
கடையில் இருந்ததிலேயே காரமான வெளுப்பானை
வாங்கி வந்திருந்தேன்.
மூடியைத் திருகும்போதே கண் எரிந்தது.

பக்கத்து மேசையில் ஒரு பெண்
வீட்டுப் பாய்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
இறுக்கி முடிந்த முக்காடு, ரப்பர் பூட்ஸ்.
என் புட்டியைப் பார்த்தாள்.
நீலக் கோட்டைப் பார்த்தாள்.
"சாயம் வெளுத்துவிடும்" என்றாள்.
கம்பளத்தைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

தன் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.
பைன் சோப்பு.
பழுப்பாக, கூழாக, உறைந்த தேன் போல.
மரத்தின் எண்ணெயில் காய்ச்சியது.
முகர்ந்தால்
மழை நின்ற பின் விறகுக் கொட்டகை.

"கைக்கும் ஒன்றும் ஆகாது."
விரித்துக் காட்டினாள்.
ஆஸ்பத்திரி வார்டில்
நாளுக்கு நாற்பது முறை மருந்தில் நனையும் கை.
விரலிடுக்கில் வெடித்து ஆறிய கோடுகள்.
பெயர் ஹோதன். நான் ஈல்போ.
அதோடு பேச்சு நின்றது.
இந்த ஊரில் அதுவே அதிகம்.

தேய்த்தேன்.
நுரை பொங்கவில்லை.
ஏமாந்தது போலிருந்தது.
நுரைத்தால்தான் சுத்தம் என்று எனக்கு யார் சொன்னது?
கத்தினால்தான் நியாயம் என்று சொன்ன
அதே ஆளாகத்தான் இருக்கும்.

நடுவில் ஒரு கறை.
பிளாக்கரண்ட் சாறு, உள்ளங்கை அகலம்,
பதினோரு வயது.
கொட்டியது நீ என்பேன்.
நீ என்பாள்.
கிறிஸ்துமஸ் வந்தால் போதும்,
விருந்தாளிகள் முன்னாலேயே அலசி ஆராய்வோம்:
உன் நாற்காலி எங்கே இருந்தது,
என் கை எந்தப் பக்கம் நீண்டது.
மேசையை இழுத்து அதை மூடுவோம்.
பிறகு தேவைப்படும்போது
மேசையை நகர்த்திக் காட்டுவோம்.

அதன் மேல் ஒரு கை சோப்பு.
தூரிகையை நூல் போகும் திக்கிலேயே ஓட்டினேன்.
நீர் ஊதாவானது.
பிறகு வெளிர் ரோஜா.
பிறகு வெறும் பழுப்பு.
விரலால் தடவித் தேடினேன்,
குனிந்து, மூக்கு ஈரத்தில் பட.
இல்லை.
ஒரு நூலைக்கூட நோகடிக்காமல் போயிருந்தது.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில்
சாட்சி பல்டி அடித்த வழக்கறிஞன் போல்
தூரிகையோடு நின்றேன்.

பிழியும் உருளையைச் சுற்ற இரண்டு பேர் வேண்டும்.
நான் கைப்பிடியில்,
ஹோதன் மறுமுனையில்.
எங்கள் வீட்டுத் துணியெல்லாம்
முன்பின் தெரியாத ஒருத்தியின் கைக்குள்
தட்டையாக, கனமாக வந்து சேர்ந்தது.
அழுக்கு நீர் கடலுக்குப் போகவில்லை;
நகராட்சி தனிக் குழாய் வைத்திருக்கிறது.
கடல் எதையும் கேள்விப்படவில்லை.

டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து
கையைக் கழுவினேன், கழுத்தை, முகத்தை,
பிரேக் தூசி படிந்த காது மடலை.
எரியவில்லை.
வெளுப்பான் புட்டி திறந்தபடியே நின்றது.
மூடினேன்.

கம்பியில் தொங்கும் கம்பளம் சொட்டச் சொட்ட
ஸிர்க்காவுக்கு ஒரு செய்தி தட்டினேன்:
கொட்டியது நானாகவும் இருக்கலாம்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.
எதை?