நாலு பவுண்டு

"எத்தனை பவுண்டு?" என்கிறார் மினோபே.
வெளியே தூறல். கடையில் நான் மட்டும்.

கோல் எடுத்தாயிற்று:
ஆறடி நாலங்குலம், நுனி மட்டும் துவள்வது.
மேசைவிசிறியின் காற்றுக்கே தலையாட்டியது.
ரீல் என்னுடையது. என்னுடையதென்றால்
டாக்ஸியில் யாரோ விட்டுப்போய்
ஹிக்கொனே காவல் நிலையத்தில் மூன்று மாதம்
கேட்பாரற்றுக் கிடந்து
என்னிடமே திரும்பி வந்தது.
கைப்பிடியை இடப்பக்கம் மாற்றிக்கொண்டேன்.

பின்னல் நரம்பு இருக்கிறது, நாற்பது பவுண்டு.
மீனோடு பாசிக்காட்டையும் பிடுங்கி வரும்.
"நம்ம கரைக்கு அதுதான்" என்கிறார்.
சரிதான்.

பிவா ஏரியில்
பிடித்த பாஸைத் திரும்ப விடக்கூடாது.
படித்துறையோரம் தகரப்பெட்டி வைத்திருக்கிறார்கள்,
வந்தேறி மீன்களுக்கென்று.
போன ஞாயிறு ஒன்றைப் போட்டு மூடினேன்.
முழங்கை நீளம்.
காரை எடுத்து, சிக்னலில் நின்று,
மீட்டரைப் போட்ட பிறகும்
உள்ளே வால் அடித்துக்கொண்டிருந்தது.
"ஏதோ சத்தம் வருதே" என்று
பின்சீட்டு அம்மாள் கேட்கவில்லை.
கேட்பாளென்று ஸ்டேஷன் வரை காத்திருந்தேன்.

"நாலு" என்கிறேன்.

"அறுந்துடுமே."

பெட்டியைத் திறந்து முள்ளொன்றை எடுத்து
அதன் எதிர்க்கொக்கியை
இடுக்கியால் நசுக்குகிறேன்.
அடுத்ததையும்.
அறுந்துபோகும் நரம்பைப் பற்றிச்
சட்டத்தில் ஒரு வரி கிடையாது,
இருமுறை படித்துவிட்டேன்.

மினோபே என் விரல்களைப் பார்க்கிறார்.
கல்லாவை மூடிவிட்டு
ஜன்னல் பக்கம் போய்
நிறம் வெளுத்த சுருளொன்றைத் தூசி தட்டி வைக்கிறார்:

"மூணு கோடை வெயில் தின்னது.
நாலுன்னு போட்டிருக்கும்.
ரெண்டு தாங்கினா அதிகம்.
காசு வேண்டாம்."