ஆதார ரசீது இல்லை

எங்கள் அலுவலகம் ராயபுரத்தில்,
ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
கடலோர நிலம் காப்பவர்கள் என்று பலகை சொல்கிறது.
நான் காப்பது ரசீதுகளை.

கழிமுகம் போய்வருகிறவர்களின் பில்கள்
பெரும்பாலும் ஈரமாக வரும்.
மின்விசிறிக்குக் கீழே பரப்பி
பறக்காமலிருக்கச் சிப்பி வைப்பேன்.
சிப்பியும் அவர்கள் கொண்டுவந்ததுதான்,
அதற்குப் பில் இல்லை.

தேசப்பன் எழுதித் தருவார்:
படகு டீசல், நான்கு லிட்டர்.
டீ, ஏழு.
காத்திருந்தது, ஐந்து மணி நேரம்.
"காத்திருந்ததை எந்தத் தலைப்புல எழுத, அண்ணே?"
"வத்தம் முடிஞ்சி ஏத்தம் வரணும்ல.
தண்ணி எதுவரிக்கும் வருதுன்னு
தண்ணிதான சொல்லணும்."
பயணச் செலவில் போட்டேன்.
பயணம் போனது தண்ணீர்,
இவர் அங்கேயேதான் இருந்தார்.

ஷகிலா வரைபடக்காரி.
அவள் மேசையில் ஒரே இடம் மூன்றுமுறை இருக்கிறது:
பழைய தாளில் ஆறு,
புதிய தாளில் கோடுபோட்ட மனைகள்,
கணினியில் அவள் நடந்து குறித்த சிவப்புப் புள்ளிகள்.
மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்
மனை எண் நாற்பத்தொன்றின் வரவேற்பறையில்
இறால் குஞ்சுகள் மேய்கின்றன.

விசாரணைக்குப் போனவள் ப்ளெஸ்ஸி.
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எடுத்த படத்தை நீட்டினாள்.
அதிகாரி படத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார்.
"ரெக்கார்டுபடி நீங்க தரையிலதாம்மா நிக்கிறீங்க."
அடுத்த வாய்தா பங்குனியில்.
ஆட்டோ, நூற்றெண்பது.
நகல் கட்டணம், தொண்ணூற்றாறு.
மாதுளை ஜூஸ், முப்பத்தைந்து என்று எழுதி
சொந்தச் செலவு என அவளே அடித்திருந்தாள்.
அடித்ததை நான் அடித்தேன்.

ஆண்டுக்கொருமுறை ஆடிட்டர் வருவார். நல்லவர்.
"இந்த வருஷம் சேர்ந்த சொத்து?"
"இல்ல சார்."
"கட்டடம்?"
"இல்ல சார்."
"அப்ப என்னதாம்மா செஞ்சீங்க?"

கட்டப்படாத ஒரு மதில்.
கொட்டாமல் திரும்பிப்போன பதினோரு லாரி சாம்பல்.
போன ஐப்பசி மழையில் ஒரு தெருவில்
முழங்காலுக்கு மேல் ஏறாத தண்ணீர்;
அந்தத் தெருவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை,
கட்டில்மேல் எதையும் தூக்கிவைக்காமல்
தூங்கிவிட்டார்கள்.

நடக்காததை எழுத டேலியில் கட்டம் இல்லை.
இரண்டு மாதச் சம்பளப் பாக்கிக்கு இருக்கிறது.
பணி தொடர்கிறது என்று குறித்துக்கொண்டு
அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

எட்டு வருடத்தில் நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை.
சர்வே எண்ணை உட்பிரிவோடு ஒப்பிப்பேன்:
இருநூற்றுப் பதினாறு, இரண்டு பி.
ஆள் குறைந்த ஒரு சனிக்கிழமை
"டேப்போட ஒரு முனையப் பிடிக்க யாராவது வேணும்"
என்றாள் ஷகிலா.

இருநூற்றுப் பதினாறு, இரண்டு பி
அழுகின முட்டை மாதிரி நாறியது.
உமரி செக்கச்செவேலென்று படர்ந்திருந்தது,
அதற்கப்பால் புகைபோக்கிகள்.
நண்டுகள் என்னைப் பார்த்துவிட்டு
ஒரே நேரத்தில் இல்லாமல் போயின.
நான் பூஜ்ஜியத்தைப் பிடித்து நின்றேன்.
தேசப்பன் மறுமுனையோடு போய்க்கொண்டே இருந்தார்.
ஐம்பது மீட்டரில் டேப் முடிந்தது.
நிலம் முடியவில்லை.
"அங்கியே நில்லும்மா, நவுராத!"

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது.
நகரவில்லை.
சேறு என் வலது செருப்பை எடுத்துக்கொண்டது.
ஷகிலா முழங்கைவரை விட்டுத் துழாவி
யாரோ எப்போதோ விட்டுப்போன
வேறொரு செருப்பை எடுத்தாள்.
எனக்குப் பெரியது.
அத்திப்பட்டிலிருந்து ரயிலில் ஒற்றைச் செருப்போடு வந்தேன்.
ஒரு குழந்தை மட்டும் கடைசிவரை
என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை எழுதினேன்.
வவுச்சர் எண் முந்நூற்று நான்கு.
செருப்பு, ஒன்று, வலது.
ஆதார ரசீது இல்லை.
பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தை
வெறுமனே விட்டிருக்கிறேன்.

இடது செருப்பு மேசைக்கடியில் இருக்கிறது,
ஆடிட்டர் கேட்டால் காட்ட.