ஒரு தடவை ஏற்று

இருநூற்றுப் பதினாறு சோதனைகள்.
ஒவ்வொன்றுக்கும் சேர்வர்
செத்துப் பிறந்தது.
நாற்பத்தொரு விநாடி
கறுப்புத் திரையில் எழுத்து ஊர்ந்து
'தயார்' என்று சொல்லும்,
ஒரு கேள்விக்குப் பதில் தரும்,
அணையும்.
மறுபடி ஜாவா முதலிலிருந்து.

அந்த இரண்டரை மணித்தியாலத்தில்
உவர்மலை இறங்கி நடந்து
டச்சு பேயில் கால் நனைத்து,
பஸ் நிலையத்தடியில் ஒரு மான்
லன்ச் சீற் தின்பதைப் பார்த்துத் திரும்பினால்
நூற்றெழுபதாவதில் சிவப்பு.
ஒரு காற்புள்ளி.

"மூதூருக்கு ஆள் ஏத்த
ஆளுக்கொரு போட்டா கட்டுறாங்க?"
என்றாள் அஸ்மியா,
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அன்றிரவு மாற்றினேன்.
முதற் சோதனைக்கு முன் ஒரு தடவை ஏற்று.
கடைசிக்குப் பின் இறக்கு.
இடையில் தொடாதே.

ஆறு நிமிடம்.
தேத்தண்ணி இன்னும் சுட்டது.
பதினொன்று சிவப்பு.

தனித்தனியே ஓடவிட்டால் எல்லாம் பச்சை.

நாங்கள் எழுதுவது கொட்பேயின் மீன் ஏலக் கணக்கு.
நாற்பத்தேழாம் சோதனையில்
'பரிசோதனை முதலாளி'
(பெயர் நான் வைத்ததுதான்)
பன்னிரண்டு கிலோ அறுக்குளா எடுத்துவிட்டுக்
காசு கட்டாமல் போயிருக்கிறார்.
முன்பென்றால் அவர் கடனோடு
உலகமே அழிந்துவிடும்.
எவ்வளவு வசதியான ஊழி!
இப்போது உலகம் நிற்கிறது,
கடனும் நிற்கிறது,
வெறுங் களஞ்சியம் என்று நம்பி வந்த
நாற்பத்தெட்டாவது
மூக்கைப் பொத்துகிறது.

சோதனை முடிய முடிய
எழுதியதை எழுதாததாக்கு என்றேன்.
பத்துப் பச்சையாயிற்று.

பதினோராவது அசையவில்லை.
மூன்று மணிவரை சோதனையைத் திட்டினேன்.
பிறகுதான் நிரலைத் திறந்தேன்.
பிழை அங்கே இருந்தது:
விலையை ஒருக்கால் வாசித்து
நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு
நாள் மாறினாலும்
முதல் பில்லுக்கு அதையே நீட்டும் ஒரு வரி,
என் கையால் எழுதியது.
நாற்பத்தொரு விநாடிக்கொரு தரம்
பிறக்கிற ஒன்றுக்கு
நேற்று என்று ஏது?

துறைமுகத்துக் கணக்கர் சுகுணதாஸ்
மூன்று மாதமாய்ச் சொன்னார்:
"தங்கச்சி, விடியப்பறம் முதல் பில்
எப்பவும் நேத்தைய விலை."
"ஓஃப் பண்ணிப் போடுங்கோ அண்ணை,
சரிவரும்" என்றேன்
ஒவ்வொரு முறையும்.
அவரும் போட்டார். சரிவந்தது.
அடுத்த விடியல்வரை.

இப்போது மணி நாலரை.
அழைப்புப் போகிறது.
எடுக்கிறார்;
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.
"சொல்லுங்கோ தங்கச்சி,
ஓஃப் பண்ணவோ?"