பன்னிரண்டில் ஒன்று

மார்த்தாண்டத்தில் பல்செட் செய்யும் லேபில் வேலை.
ஈறுக்கு வாங்கும் ரோஸ் அக்ரிலிக்கில்
மிஞ்சியதுதான்
இந்த வீட்டின் ஓடுகள், நானூற்றுப் பதினாறு.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம் கணக்கு.
வாசலில் ரப்பர் ஷீட் நறுக்கிய மிதியடி,
சன்னலுக்கு மாத்திரை அட்டையின் கண்ணாடி.
சக்கைப்பழம் மட்டும் மூன்று முறை சொதப்பி
நாலாவதை ரவையில் புரட்டியதும்
முள் நின்றது.

'ஆருக்கு அக்கா இந்த வீடு?'
அடுத்த மேசை ஜெஸ்லெட் கேட்டாள்.
ஆருக்கும் இல்லை.
நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவைத்தேன்,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
லேபின் தகரக் கூரை ஒழுகியிருக்கிறது.
பசை காய மேல்கூரையைக் கழற்றிவைத்திருந்தேன்.
காலையில் பார்த்தால்
அடுக்களைத் தரையில் ஒரே ஒரு சொட்டு,
அந்த வீட்டுக் கணக்கில் தேங்காய்ப் பருமன்,
உடையாமல், பரவாமல்
உட்கார்ந்திருக்கிறது.

பலகையை இழைத்துச் சிறிதாக்கலாம்,
கம்பியை, துணியைக்கூட.
வெள்ளம் சொன்னபடி கேட்காது.
எங்கே விழுந்தாலும் தன் அளவில்தான் விழும்.

பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.
துருக்கறை போகவில்லை.
சுரண்டப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.
கறைக்கு நேர் மேலே
ஓட்டைக் கழற்றினேன்,
ஓட்டை ஆயிற்று.
கீழே ஒரு பக்கெட் வைத்தேன்,
சுண்டுவிரல் நகம்போல நீலம்.

ஜெஸ்லெட் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.
'ஒழுகுத கூரைய அடைக்க மாட்டியளா?'

எந்தக் கூரையை என்று
நான் கேட்கவில்லை.